மூக்கு ஒழுகும், கடை நடக்கும், தேர் ஓடும்

வாசகர் கேள்விகளுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியையின் பதில்கள்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் 'ரன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இருபத்தைந்து அர்த்தம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து அழுகிறாள். ஓடுவதற்கு ஒரு சொல், அதற்கு எதற்கு இத்தனை அர்த்தம்?
— ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு முதலில் பிள்ளையைத் தூங்கச் சொல்லுங்கள்.

இருபத்தைந்து என்பதே குறைவுதான். ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட சொல்லாக இருந்தது 'செட்'. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 430 பொருள். பிறகு அகராதியைத் திருத்தி எழுதியபோது 'ரன்' அதை முந்திவிட்டது. வினையாக மட்டும் 645 பொருள் என்று 2011-ல் செய்தி வந்தது. அந்த ஒரு சொல்லை எழுதி முடிக்க ஒரு தொகுப்பாளருக்கு ஒன்பது மாதம் ஆனதாம். அதைப் பதிமூன்று வயதுப் பிள்ளையிடம் பட்டியலாகக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

ஏன் இத்தனை என்று கேட்டீர்கள். கால் வைத்து ஓடுவதற்கு அந்தச் சொல். ஆறு ஓடுவதற்கும் ஆதியிலிருந்தே அதே சொல்தான். அப்புறம் கடிகாரம் வந்தது, ரயில் வந்தது, ஆலை வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு புது இயந்திரமும் பழைய சொல்லையே பிடித்துக்கொண்டு ஓடியது.

நம் 'ஓடு' மட்டும் என்ன செய்தது? பஸ் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, உடம்பில் ரத்தம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. "பொழைப்பு எப்படி ஓடுது?" என்கிறோம். வயிற்றுக்கோளாறுகூட நமக்கு வயிற்றோட்டம்தான். ஆங்கிலத்திலும் பேச்சு வழக்கில் அதை 'ரன்ஸ்' என்றே சொல்வார்கள். சம்பந்தி வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் நமக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. இதில் ஒன்றையாவது உங்கள் மகள் மனப்பாடம் செய்தாளா? கேட்டுக் கேட்டு வந்தது.

சிக்கல் வருவது, ஆங்கிலம் ஓடும் இடத்தில் தமிழ் வேறு காரியம் செய்யும்போதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு பையன் கட்டுரையில் 'மை ஃபாதர் வாக்ஸ் எ ஷாப்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அடுத்த நோட்டைத் திருத்தும்போதுதான் அவன் என்ன செய்திருக்கிறான் என்று உறைத்தது. அவன் அப்பா பேட்டையில் பலசரக்குக் கடை நடத்துகிறார். 'நட' என்றால் 'வாக்' என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆங்கிலேயன் கடையை ஓட்டுகிறான், நாம் நடத்துகிறோம்! மறுநாள் அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, அவனையே எழுந்து விளக்கச் சொன்னேன். அந்த வகுப்பில் 'ரன் எ ஷாப்' என்பதை அதற்குப் பிறகு ஒருவரும் தப்பாக எழுதவில்லை.

அதனால் நாளைக் காலையில் இப்படிச் செய்யுங்கள். சமையல் செய்துகொண்டே கேளுங்கள். சளி பிடித்தால் ஆங்கிலத்தில் மூக்கு ஓடும், நமக்கு என்ன செய்யும்? ஒழுகும். புதுச்சேலையை நனைத்தால் அங்கே நிறம் ஓடும், இங்கே சாயம் போகும். அரிசி அங்கே 'ரன்ஸ் அவுட்', இங்கே தீர்ந்துபோகும். காய்ச்சலை அவர்கள் 'ரன்' பண்ணுவார்கள், நமக்குக் காய்ச்சல் அடிக்கும். தாத்தாவின் கோபம் பேத்திக்கும் இருந்தால் 'ரன்ஸ் இன் த ஃபேமிலி', நாம் "வம்சத்துலேயே இருக்கு" என்போம். தனிச்சொல்லைக் கேட்காமல் பக்கத்தில் நிற்கும் சொல்லோடு சேர்த்துக் கேளுங்கள். மூக்கோடு வந்தால் ஒன்று, கடையோடு வந்தால் வேறு. ஒரு வாரத்தில் இருபத்தைந்தும் வந்துவிடும், அழுகை இல்லாமல்.

கேள்வி: அப்படியானால் 'ரன்' வரும் இடத்திலெல்லாம் 'ஜாக்', 'ஸ்பிரிண்ட்', 'டாஷ்', 'ஃப்ளீ' எதை வேண்டுமானாலும் போடலாமா? எல்லாம் ஓட்டம்தானே?
— கல்லூரி மாணவர், களக்காடு

பதில்: கூடாது தம்பி. காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றிப் பைய ஓடுகிறவர்கள் செய்வது 'ஜாக்'. நூறு மீட்டர் பந்தயத்தில் உயிரைக் கொடுத்து ஓடுவது 'ஸ்பிரிண்ட்'. ஜங்ஷனில் ரயில் நகரத் தொடங்கியதும் பெட்டியைப் பிடிக்க ஒருவர் பாய்கிறாரே, அது 'டாஷ்'. வெறிநாய் துரத்தித் தலைதெறிக்க ஓடினால் 'ஃப்ளீ'. அதில் பயம் இருக்கும், பின்னால் ஏதோ ஒன்று வரும். நம் 'ஓட்டமும் நடையுமாக' என்பதற்கு மட்டும் ஆங்கிலத்தில் அதே ருசியில் ஒரு சொல் எனக்கு அகப்படவில்லை. பள்ளிக்கூட மணி அடித்த பிறகு தெருவைப் பார்த்தால் அந்தத் தொடரின் அருமை தெரியும்.

கேள்வி: அமெரிக்கத் தேர்தல் செய்தியில் வேட்பாளர் 'ரன்' பண்ணுகிறார் என்கிறார்கள். நம் ஊரில் நிற்கத்தானே செய்கிறார்கள்?
— ஒரு வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: பிரிட்டனிலும் நிற்கத்தான் செய்கிறார்கள், அங்கே 'ஸ்டாண்ட்' என்பதே வழக்கம். அமெரிக்கர்களுக்குத் தேர்தல் ஒரு பந்தயம். துணை அதிபர் வேட்பாளரை 'ரன்னிங் மேட்' என்பதுகூடக் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்ததுதான்.

கேள்வி: வீட்டுக் கூரை ஓடும், ஓடுகிற ஓடும் ஒரே சொல்லா? என் பேரன் கேட்டு என்னை மடக்கிவிட்டான்.
— ஒரு பாட்டி, கல்லிடைக்குறிச்சி

பதில்: நல்ல பேரன் அம்மா. வேறு வேறு சொற்கள், ஒலி மட்டும் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாகவே தருகிறது. கூரை ஓடு, ஆமை ஓடு, மண்டை ஓடு, திருவோடு எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள். மேலே கெட்டியாக மூடியிருக்கும் அல்லது தாங்கியிருக்கும். தண்ணீர் ஓடும் ஓடை மற்ற வீடு. ஆங்கிலத்திலும் இப்படி உண்டு. 'பார்க்' என்றால் நாய் குரைப்பது, மரப்பட்டையும் அதுவே. இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்து ஒலியில் ஒன்றாகிவிட்டவை. 'ரன்' அப்படியில்லை, ஒரே மரம், கிளைதான் அறுநூறுக்கு மேல். பேரனிடம் மூன்றாவதாக ஓர் 'ஓடு' கேளுங்கள். "அண்ணனோடு போ" என்பதில் ஒளிந்திருக்கிறது.

கேள்வி: ஊரில் புதிதாக எண்ணெய் ஆட்டும் மெஷின் போட்டிருக்கிறோம். முதலில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்குச் சொந்தக்காரர்களைக் கூப்பிடுகிறோம். பத்திரிகையில் 'ட்ரையல் ரன்' என்று போடச் சொல்கிறார்கள். தமிழில் சொல் இருக்கிறதா?
— ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: இருக்கிறது, புதிதாக உண்டாக்கவே வேண்டாம். கோயிலுக்குப் புதுத்தேர் செய்தால், சாமியை ஏற்றுவதற்கு முன்னால் வெறும் தேரை வடம் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் உருளுகிறதா, திருப்பத்தில் திரும்புகிறதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பெயர் வெள்ளோட்டம். ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு ரத வீதியில் நின்ற யாருக்கும் அந்தச் சொல்லில் வடத்தின் இழுப்பு தெரியும். 'செக்கு வெள்ளோட்டம்' என்றே பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். முதல் எண்ணெயில் ஒரு சின்னப் பாட்டில் எனக்கும் எடுத்து வையுங்கள்.