முதலிடம் என்ற அளவுகோல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளி இறுதி வகுப்பை முடித்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. உடன் படித்தவர்கள் ஓர் ஒன்றுகூடலுக்கு ஏற்பாடு செய்கிறார்கள். பழைய படங்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பில் எப்போதும் எனக்குத்தான் முதலிடம். பெரிய விஞ்ஞானியாக வருவேன் என்று கணக்கு ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறார். இயற்பியல் படிக்க விரும்பினேன். வீட்டில் சொன்னபடி வணிகவியலில் சேர்ந்தேன். இன்று ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பெரிய குறை ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அன்றைய பையனை நான் ஏமாற்றிவிட்டேன் என்றே தோன்றுகிறது. கடைசி வரிசையில் இருந்த சிலர் என்னைவிட வெகுதூரம் போய்விட்டார்கள். நான் எந்த இடத்தில் தவறினேன்? அந்தக் கூடலுக்குப் போகத்தான் வேண்டுமா? என் மகளும் இந்த ஆண்டு பள்ளியை முடிக்கிறாள். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ர.

அன்புள்ள ர,

நீங்கள் கேட்டிருக்கும் மூன்றில், எந்த இடத்தில் தவறினேன் என்ற கேள்விதான் மற்ற இரண்டையும் பிறப்பித்திருக்கிறது. ஆகவே அதில் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன்.

உங்கள் மனதில் இருக்கும் அந்தப் பையனிலிருந்து தொடங்கலாம். ஹாரி பாரிக் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1975இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 392 பேரை அவர்களுடைய பள்ளி ஆண்டு மலர்களில் இருந்த படங்களைக் கொண்டு சோதித்தார்கள். பள்ளியை விட்டு ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆனவர்கள்கூட, உடன் படித்தவர்களின் முகங்களில் பத்துக்கு ஒன்பதை அடையாளம் கண்டார்கள். பழைய படங்கள் உங்களை இவ்வளவு கலங்கச் செய்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முகங்கள் மங்காமல் இருப்பதால், அவற்றோடு சேர்ந்து எழும் கதையும் மங்காமல் இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம். டேனியல் ஆஃபர் என்ற மனநல மருத்துவர் 14 வயதில் பேட்டி கண்ட 67 பேரை அவர்களுடைய 48ஆவது வயதில் மீண்டும் சந்தித்து, அந்த வயதில் வீட்டைப் பற்றியும் பெற்றோரின் கண்டிப்பைப் பற்றியும் என்ன நினைத்தார்கள் என்று கேட்டார். 2000இல் வெளியான அந்த ஆய்வின்படி, குருட்டாம்போக்கில் ஊகித்தால் எவ்வளவு பொருந்துமோ அதற்குமேல் அவர்களுடைய நினைவு பழைய பதில்களோடு பொருந்தவில்லை. இன்று உங்கள்முன் நின்று கணக்குக் கேட்கும் பையன் பெரிதும் இன்றைய நீங்கள் உருவாக்கியவன். அன்று அவன் எதற்காக ஏங்கினான், எதைக் கண்டு அஞ்சினான் என்பதை அவனே எழுதிவைத்த நாட்குறிப்பு ஏதும் இருந்தாலன்றி உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆசிரியரின் வாக்கைப் பொறுத்தவரை, அவர் அன்பினால் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் பேசியது தம் வகுப்பில் அன்று உட்கார்ந்திருந்த ஒரு மாணவனைப் பற்றி. வரவிருந்த முப்பது ஆண்டுகளைப் பற்றி அவருக்கு எந்தத் தகவலும் இல்லை. உயிரியலில் 250 மாணவர்களில் கடைசியாக வந்த ஜான் குர்டனுக்கு, அவர் விஞ்ஞானியாக நினைப்பது நகைப்புக்குரியது என்று 1949இல் பள்ளி அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். 2012இல் அவர் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். லூயிஸ் டெர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1921இல் தொடங்கி நுண்ணறிவுச் சோதனையின் மூலம் 1,500க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பொறுக்கியெடுத்துத் தம் வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தார். அவர்களில் ஒருவரும் நோபல் பரிசு பெறவில்லை. சோதிக்கப்பட்டு, மதிப்பெண் போதாமல் விடப்பட்ட வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும் பெற்றார்கள். இதனால் பள்ளிக் காலத் திறமைக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது. டெர்மனின் மாணவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே படித்து நல்ல வேலைகளில் அமர்ந்தவர்கள்தாம். நிறைவேற்றாவிட்டால் குற்றம் என்று கருதுமளவுக்கு ஓர் ஆசிரியரின் கணிப்பு கடனாகிவிடுவதில்லை என்பதே நான் சொல்ல வருவது.

இனி, உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை நிறுத்திய ஒன்றைச் சொல்கிறேன். முதலிடம், ஆசிரியரின் பாராட்டு, கடைசி வரிசைக்காரர்களின் உயர்வு ஆகியவற்றைப் பற்றித் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். இயற்பியலைப் பற்றி ஒரே ஒரு வாக்கியந்தான் இருக்கிறது. அதன் எந்தப் பகுதி உங்களை ஈர்த்தது, அதை இன்றும் படிக்கிறீர்களா, எந்தக் கேள்வி உங்களுக்குள் விடை தெரியாமல் நிற்கிறது என்று எதுவும் இல்லை. நீங்கள் இழந்ததாக வருந்துவது இயற்பியலையா, முதலிடத்தையா என்று உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இயற்பியல்தான் என்றால், ஆராய்ச்சியாளராகும் வாய்ப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதை மறைத்து ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் கற்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. கல்லூரிப் பாடநூல் ஒன்றை முதல் அத்தியாயத்திலிருந்து கணக்குகளைப் போட்டுக்கொண்டே படிக்க, அன்றாடம் கணக்கோடு பழகிய உங்களுக்குப் பலரைவிடத் தகுதி அதிகம். இழந்தது முதலிடம் என்றால், அதைத் தந்தது பள்ளி; பள்ளிக்கு வெளியே யாராலும் அதைத் தர முடியாது. ஏறத்தாழ ஒரே வயதுடையவர்கள், ஒரே பாடத்தைப் படித்து, ஒரே நாளில், ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதி, ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தப்படுவது மனித வாழ்வில் பள்ளிப் பருவத்தை ஒட்டி மட்டுமே நிகழ்கிறது. அதன்பின் ஒருவருக்குத் தந்தை இறந்திருப்பார், மற்றொருவருக்குத் தொழில் தொடங்க மாமனார் பணம் கொடுத்திருப்பார், இன்னொருவர் நோயோடு பத்து ஆண்டுகளைக் கழித்திருப்பார். வெகுதூரம் போய்விட்டதாக நீங்கள் சொல்லும் நண்பர்கள் உங்களோடு ஒரே பாதையில் ஓடவில்லை. உங்கள் தாளைத் திருத்தி மதிப்பெண் போட இப்போது யாரும் இல்லை என்ற நிலை உங்களைத் துன்புறுத்துகிறது என்று ஊகிக்கிறேன். முதலிடத்திலேயே வளர்ந்தவர்களுக்கு அது உண்மையான துன்பம். அதை நான் சிறிதாக எண்ணவில்லை.

வணிகவியலில் சேர்ந்த முடிவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 17 வயதில் உங்களுக்குத் தெரிந்ததைக் கொண்டும், உங்கள் பெற்றோருக்கு இருந்த அச்சங்களைக் கொண்டும் அது எடுக்கப்பட்டது. இன்று தெரிந்த எதையும் அந்த நாளில் கொண்டுபோய் வைத்து அதைத் தீர்ப்பிடுவது நியாயமாகாது.

ஒன்றுகூடலுக்குக் கட்டாயம் போங்கள். யார் என்ன ஆனார்கள் என்று கேட்பதற்கு முன், உங்களைப் பற்றி அவர்களுக்கு என்ன நினைவிருக்கிறது என்று இரண்டொருவரிடமாவது கேளுங்கள். உங்கள் மதிப்பெண்களை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். ஒருவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு நினைவிலிருக்கலாம், இன்னொருவருக்கு நீங்கள் பேசாமல் இருந்த ஒரு வாரம் நினைவிலிருக்கலாம்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பள்ளியை முடித்த 10,317 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. மாணவரின் திறமையோடு, பெற்றோரும் ஆசிரியரும் தந்த ஊக்கமும் நண்பர்களின் திட்டங்களும் அவருடைய மேற்படிப்பைக் கணிசமாகத் தீர்மானித்தன என்பது அதில் தெளிவாகக் கண்டறியப்பட்டது. உங்கள் பெற்றோரின் சொல்லுக்கு உங்கள் வாழ்வில் இருந்த எடை, உங்கள் சொல்லுக்கு அவள் வாழ்வில் இருக்கும். ஆகவே இயற்பியலை அவள்மீது சுமத்தாதீர்கள். அதிலிருந்து அவளை விலக்கவும் செய்யாதீர்கள். அவள் என்ன விரும்புகிறாள் என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள். அவள் தேர்ந்தெடுக்கும் படிப்பிலிருந்து ஓராண்டு கழித்து வேறொன்றுக்கு மாற வழி உண்டா, அதற்கு என்ன தகுதி கேட்பார்கள், எவ்வளவு செலவாகும் என்பதை இருவருமாகச் சேர்ந்து, விண்ணப்பிப்பதற்கு முன்பே கல்லூரிகளில் விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.