கேளுங்கோ, சொல்கிறோம்: கூடவே வருகிறவள் யாருடைய ஆள்?

கேள்வி: வரப்போகும் ஒரு பாண்டஸி ஆர்.பி.ஜி.யில் (பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டில்) ஒரு மந்திரக்காரி தொடக்கத்திலிருந்தே கட்டாயம் எங்களோடு வருவாளாம், விலக்கவே ஏலாதாம். ட்ரெயிலரில் எதிரியின் கொடியைக் கண்டதும் முகத்தைத் திருப்புகிறாள். காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று பெடியள் எல்லாரும் சொல்லுகினம். முன்கூட்டியே பிடிக்க வழி இருக்கா? (வாசகர், கொக்குவில்)

பதில்: பழைய விளையாட்டுகளின் முடிச்சுகள் கீழே அவிழும்; இன்னும் ஆடாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கோ.

ட்ரெயிலரில் வரும் இரண்டு விநாடி முகபாவத்தை நம்பவேண்டாம்; சந்தேகம் வரட்டும் என்றே அதை அங்கே ஒட்டியிருப்பார்கள். இவள் உங்களைச் சந்திக்கமுன் யாரை இழந்தாள், யாருக்குக் கடன்பட்டாள் என்று பாருங்கோ. கட்டாயத் துணையின் விசுவாசம் அநேகமாக அங்கேதான் கட்டிக் கிடக்கும்.

2009இல் வந்த டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸில் கூடவே வரும் அலிஸ்டர் அப்படித்தான். ஓஸ்டகார் போரில் அரசனின் தளபதி லோகெய்ன் படையைத் திருப்பிக்கொண்டு போனதால் அலிஸ்டரின் குருவான டங்கன் சாகிறார். அதன் பிறகு முகாமில் கதைகொடுத்தால் அலிஸ்டர் டங்கனைப் பற்றியே கதைப்பான். லாண்ட்ஸ்மீட் சபையில் லோகெய்னை உயிரோடு விட்டு உங்கள் அணியில் சேர்த்தால், அவனுக்கு உங்களைப் பிடிக்கும் அளவைக் காட்டும் அப்ரூவல் எண் 100இல் நின்றாலும் அலிஸ்டர் அணியில் நிற்கமாட்டான். அதைத் துரோகம் என்று சொல்லமாட்டோம். அவன் செத்தவருக்கு விசுவாசமாக இருந்தான், அவ்வளவுதான். அப்ரூவல் எண் உங்களில் உள்ள பிரியத்தைத்தான் அளக்கிறது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது, தெரிந்திருக்க நியாயமில்லாத ஒன்று அவளுக்குத் தெரிகிறதா என்று கவனியுங்கோ. அதே தொடரில் 2014இல் வந்த டிராகன் ஏஜ்: இன்குவிசிஷனில் உங்கள் தளமான ஹேவன் அழிந்த பிறகு, பனிக்குள் துணையாக வரும் மந்திரவாதி சோலஸ் உங்களைத் தனியே கூப்பிட்டு நீலச் சுடர் ஒன்றை ஏற்றுவான். எதிரி கையிலிருந்த கோளம் எல்ஃப்களுடையது என்பான். பிறகு வடக்கே ஸ்கைஹோல்ட் கோட்டை இருக்கிறது என்று வழி காட்டுவான். ஊர் ஊராக அலையும் மந்திரவாதிக்கு யாரும் அறியாத கோட்டை எப்படித் தெரியும்? முதல் தரம் ஆடும்போது அதை உதவி என்று எண்ணிக் கடந்துவிடுவோம். அந்தக் கோளமே அவனுடையதுதான், எல்ஃப்களின் பழங்கதைகளில் வரும் வஞ்சகக் கடவுள் ஃபென்ஹாரெல் அவன்தான். நீங்கள் எவ்வளவு அன்பாக நடந்தாலும் அந்த விளையாட்டின் 2015 தொடர்ச்சிப் பகுதியான ட்ரெஸ்பாஸரில் அவனுடைய திட்டம் மாறாது. பிரியும்போது கதைக்கும் விதம் மட்டும் மாறும்.

ஆகவே விளையாட்டு வந்ததும் ஒரு கொப்பியில் குறியுங்கோ: அவள் தானாகக் காட்டிய வழி எது, எந்தக் கேள்விக்குப் பேச்சை மாற்றினாள், எந்தச் சாவுக்கு அழுதாள். ஒவ்வொரு பெரிய சம்பவத்துக்குப் பிறகும் முகாமில் அவளோடு கதையுங்கோ. கதை நகர்ந்துவிட்டால் சில உரையாடல்கள் திரும்ப வராது.

உங்கள் மந்திரக்காரியைப் பற்றி எங்கள் ஊகம்: கொடியைக் கண்டு முகம் திருப்புகிறவள் அந்தப் பக்கத்திலிருந்து தப்பி வந்தவளாக இருக்கவே வாய்ப்புக் கூட. இன்னும் அந்தப் பக்கம் வேலை செய்கிறவள் என்றால் அந்தக் கொடியை நேரே பார்ப்பாள்.

கேள்வி: ஏர்லி அக்சஸில், அதாவது முழுதாக முடியமுன் விற்கும் பதிப்பில், ஆடிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடாதா? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: முழுதாகத் தெரியாது. பால்டர்ஸ் கேட் 3 அப்படி 2020 அக்டோபரில் வந்தபோது முதல் அங்கம்தான் இருந்தது. 2023 ஆகஸ்டில் முழுதாக வெளிவந்தபோது வில் (Wyll) என்ற துணையின் கதையையே திருத்தி எழுதியிருந்தார்கள். அங்கே பார்த்ததை வைத்துப் பந்தயம் கட்டவேண்டாம்.

கேள்வி: துணை திடீரென்று போய்விட்டால் கொடுத்த ஆயுதங்களும் போய்விடுமா? (வாசகர், இணுவில்)

பதில்: விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடும். இனித் திரும்பி வர ஏலாது என்று எச்சரிக்கை வந்தால், நல்ல வாள், மோதிரம், கவசம் எல்லாவற்றையும் கழற்றி முகாமில் பெட்டி இருந்தால் அதற்குள் போடுங்கோ. பிறகு புது சேவ் ஒன்று வையுங்கோ. பழையதன்மேல் எழுதவேண்டாம்.