டிஸ்க் மாற்றியபின் மிரர் ஏன் மந்தமாகிறது?

கேள்வி: லினக்ஸ் சர்வரில் 1 டெராபைட் சாட்டா எஸ்எஸ்டி இரண்டை எம்டி (லினக்ஸின் மென்பொருள் ரெய்டு) மூலம் ரெய்டு 1 ஆக, அதாவது ஒன்றில் உள்ளதே மற்றதிலும் இருக்கும் மிரராக இணைத்து, மேலே இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் வைத்திருக்கிறேன். பழுதான ஒன்றைக் கழற்றிப் புதியது போட்டேன். பாதிக்கு மேல் இடம் காலி. எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம்மும் வாரந்தோறும் ஓடுகிறது. ஆனாலும் எழுதும் வேகம் நாளுக்கு நாள் குறைகிறது. புதிய டிஸ்க் சரியில்லையா?

பதில்: டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். அது முழுக்க நிரம்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நினைப்பை யாரும் மாற்றவில்லை.

மிரரை ரீசிங்க் செய்யும்போது (பழைய டிஸ்க்கில் உள்ளதைப் புதியதில் நிரப்பும்போது) எந்த இடத்தில் ஃபைல் இருக்கிறது, எது காலி என்று எம்டிக்குத் தெரியாது. முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை அனைத்தையும் பிரதி எடுக்கும். ஆக, உங்களுக்குக் காலியாகத் தெரியும் பாதி இடமும் புதிய எஸ்எஸ்டிக்குப் பாதுகாக்க வேண்டிய தரவுதான். ஃபிளாஷில் எழுதுவது சில கிலோபைட் கொண்ட பேஜ் அளவில். அழிப்பதோ பல மெகாபைட் கொண்ட பிளாக் அளவில்தான். காலி பிளாக் கைவசம் இல்லாத கன்ட்ரோலர் (எஸ்எஸ்டியை இயக்கும் சிப்), பயனற்ற பேஜ்களையும் இடம் மாற்றி எழுதிவிட்டுத்தான் பிளாக்கை அழிக்கும். ஒரு எழுத்து பல எழுத்தாகப் பெருகும். வேகமும் ஆயுளும் சேர்ந்தே குறையும். மிரரில் ஒரு எழுத்து முடிய இரண்டு டிஸ்க்கும் முடித்தாக வேண்டும் என்பதால், மெதுவான டிஸ்க்கின் வேகமே அரேயின் (இணைத்த டிஸ்க் தொகுப்பின்) வேகம். ஐஓஸ்டாட் கட்டளையை -எக்ஸ் தேர்வோடு ஓட்டி, இரு டிஸ்க்கின் எழுதும் காத்திருப்பு நேரத்தையும் ஒப்பிடுங்கள். புதியதில் மட்டும் எண் எகிறியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

டிரிம் ஓடியும் பலன் இல்லாததற்குக் காரணம் இஎக்ஸ்டி4. ஒரு பிளாக் குரூப்பை (வழக்கமாக 128 மெகாபைட்) ஒருமுறை டிரிம் செய்துவிட்டால், அதை நினைவகத்தில் குறித்துக்கொள்ளும். அந்தக் குரூப்பில் புதிதாக எதுவும் அழிக்கப்படாதவரை அடுத்த டிரிம்மில் தாண்டிப் போய்விடும். கீழே டிஸ்க் மாறியது அதற்குத் தெரியாது. டிரிம்மை நாமே ஓட்டும் எஃப்எஸ்டிரிம் -வி கட்டளையை ஓட்டிப் பாருங்கள்: காலி இடம் 500 ஜிகாபைட் இருக்க, சில ஜிகாபைட் மட்டும் டிரிம் ஆனதாகச் சொன்னால் சிக்கல் பிடிபட்டது.

தீர்வு எளிது. பார்ட்டிஷனை அன்மவுண்ட் செய்து மீண்டும் மவுண்ட் செய்யுங்கள். ரூட் பார்ட்டிஷன் என்றால் ரீபூட். மவுண்ட் தேர்வுகளை மட்டும் மாற்றும் ரீமவுண்ட் போதாது. பிறகு எஃப்எஸ்டிரிம் -வி. இம்முறை ஏறக்குறைய காலி இடம் முழுவதும் எண்ணிக்கையில் வர வேண்டும். அந்த நேரத்தில் டிஸ்க் சற்றுத் திணறும் என்பதால் வேலை குறைந்த வேளையில் செய்யுங்கள். உடனே வேகம் அளக்காதீர்கள். கன்ட்ரோலர் பிளாக்குகளை அழித்து முடிக்க அவகாசம் தேவை. எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் இந்தச் சிக்கல் வராது: அது ஒவ்வொரு முறையும் காலி இடம் முழுவதையும் அனுப்பும்.

அப்போதும் பலனில்லை என்றால் டிரிம் வழியில் எங்கோ தடைபடுகிறது. எல்எஸ்பிஎல்கே -டி (பெரிய எழுத்து டி) கட்டளை காட்டும் பட்டியலில் டிஸ்க், எம்டி, அதற்கு மேலுள்ளவை என எந்த அடுக்கில் பூஜ்யம் தொடங்குகிறது என்று பாருங்கள்; பூஜ்யம் என்றால் அங்கே டிரிம் போகாது. எம்டி 2012இல் வந்த 3.7 கெர்னலிலிருந்தே டிரிம்மைக் கீழே அனுப்புகிறது. அங்கே தடை அரிது. லக்ஸ் என்கிரிப்ஷன் இருந்தால் இயல்பில் அனுப்பாது. கிரிப்ட்டேப் ஃபைலில் டிஸ்கார்டு தேர்வைச் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் எந்தப் பகுதி காலி என்பது வெளியே தெரியும், அது சம்மதமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எல்விஎம்மில் (டிஸ்க் இடத்தை லாஜிக்கல் வால்யூம்களாகப் பிரிக்கும் அடுக்கு) இஷ்யூ-டிஸ்கார்ட்ஸ் அமைப்பை மாற்றச் சொல்லும் அறிவுரை அடிக்கடி கண்ணில் படும். அது லாஜிக்கல் வால்யூமை நீக்கும்போதோ சுருக்கும்போதோ மட்டுமே வேலை செய்யும், இதற்குச் சம்பந்தமில்லை. ஹார்டுவேர் ரெய்டு கார்டுகள் பல டிரிம்மை விழுங்கிவிடும். அங்கே டிஸ்க்கில் 10 முதல் 20 சதவீதத்தை, அரேயில் சேர்க்குமுன் பிளாக்டிஸ்கார்டு கட்டளை கொண்டு துடைத்துவிட்டு, பார்ட்டிஷன் இல்லாமல் விடுவதே நடைமுறை வழி. (பிளாக்டிஸ்கார்டு தரவை அழித்துவிடும்; டிஸ்க் பெயரை இருமுறை சரிபாருங்கள்.)

டிரிம்முக்குப் பிறகு நடக்கும் எம்டியின் மாதாந்திரச் சோதனையில் மிஸ்மேட்ச் (இரு டிஸ்க்கும் ஒத்துப்போகாத இடங்கள்) எண்ணிக்கை கூடலாம். துடைத்த இடத்தைப் படிக்கும்போது இரு டிஸ்க்கும் ஒரே விடை தர வேண்டும் என்றில்லை, அதனால் அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டாம். டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் பழுதான செக்டார்களும் கூடினால் அது வேறு கதை.

மிரரில் இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவு எழுத்தைத் தாங்குவதால், ஒரே மாடலை ஒரே நாளில் போட்டால் தேய்மானமும் சேர்ந்தே வரும். ஃபர்ம்வேர் பிழையும் அப்படித்தான்: சர்வர் தயாரிப்பாளரான எச்பிஇ 2019இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, அதன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழக்கும், ஒன்றாகப் பொருத்தியவை ஏறக்குறைய ஒன்றாகவே போகும். உங்கள் மிரரில் இப்போது ஒன்று பழையது, ஒன்று புதியது. அது நல்லதே, அப்படியே இருக்கட்டும்.