அண்ணாச்சி, நெல்லை ஸ்டேஷன் எங்கே?

ரேடியோ, டேப், பழைய மின்சாதனங்கள் பற்றி வாசகர்கள் கேட்பதற்குச் சங்கரன்கோவில் ரேடியோ மெக்கானிக் ஒருவர் பதில் சொல்லும் பகுதி இது. 1976-இல் ஒரு ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் மத்திய அலை (மீடியம் வேவ்) வானொலி பற்றியே இருந்ததால் அவற்றைச் சேர்த்துத் தருகிறோம்.

*அப்பாவின் இரண்டு பேண்டு டிரான்சிஸ்டரில் நெல்லை வானொலி ஒரு காலத்தில் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். இப்போது எங்கே திருப்பினாலும் 'கொர்ர்' என்று இரைச்சல். மெக்கானிக் செட்டில் கோளாறே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?*
— வாசகர், ராஜபாளையம்

இரண்டு பேரும் சரிதான். ஒன்று செய்து பாருங்கள். ராத்திரி வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியில் செட்டைப் போடுங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால் கோளாறு ரேடியோவில் இல்லை, உங்கள் வீட்டுக் கூரையில் தொங்குகிறது.

எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், கேபிள் டிவி பெட்டி எல்லாவற்றுக்குள்ளும் மின்சாரத்தை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சின்ன சர்க்யூட் ஒன்று உண்டு. அந்த வெட்டு எழுப்பும் சத்தம் மத்திய அலை வரும் இடத்திலேயே வந்து உட்காரும். மத்திய அலை நிலையங்கள் பேசுவது ஏ.எம். முறையில். அது அலையின் ஏற்ற இறக்கத்தில் பேச்சை ஏற்றி அனுப்புவது. இரைச்சலும் ஏற்ற இறக்கம்தான். பேச்சு எது, பல்பு எது என்று பாவம் ரேடியோவுக்குத் தெரியாது. எஃப்.எம். செட் அந்த ஏற்ற இறக்கத்தைச் சீவித் தள்ளிவிடும். அதனால் அதில் தொல்லை குறைவு.

போன ஆடித்தபசுக்கு முந்தின வாரம் ஒரு தறிக்காரர் ஒரே செட்டை மூன்று தடவை கொண்டுவந்தார். கடையில் கணீரென்று பாடும், அவர் வீட்டில் பாடாது. மூன்றாவது தடவை நானே அவரோடு சைக்கிளில் போனேன். சாமி படத்துக்கு மேலே ஒரு பல்பு. அதை அணைத்ததும் செட்டில் ஆள் பேச ஆரம்பித்தார். போட்டேன், 'கொர்ர்'. அணைத்தேன், பேச்சு. தறிக்காரர் பல்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இருட்டுல உக்காந்துதான் கேக்கணுமாக்கும்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. காசு வாங்காமல் வந்துவிட்டேன்.

செட்டை மெதுவாகத் திருப்பியும் பாருங்கள். உள்ளே படுத்திருக்கும், அலையைப் பிடிக்கும் ஃபெரைட் ராடின் (கறுப்புக் குச்சி) நுனி எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அந்தத் திசைச் சத்தம் குறையும். நுனி பல்பைப் பார்க்கட்டும்.

*சிறு வயதில் இலங்கை வானொலி இரவில்தான் நன்றாகக் கேட்கும் என்று பாட்டி சொல்வார். வானொலிக்கு இரவென்ன, பகலென்ன?*
— வாசகி, திண்டுக்கல்

உண்டு. பகலில் வெயில் பட்டு மேல்வானத்தில், அறுபது முதல் தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில், ஒரு அடுக்கு உண்டாகும். மேலே போகிற மத்திய அலையை அது உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்ததும் அது கரைந்துபோக, அதற்கும் மேலே இருக்கும் அடுக்கு அலையைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். அப்போதுதான் தூரத்து நிலையமெல்லாம் உங்கள் ஊர்த் திண்ணைக்கு வரும். குரல் ஏறி இறங்கி, மூழ்கி எழுந்து வருவதற்கும் அதுவே காரணம்.

உங்கள் பாட்டி தூத்துக்குடிப் பக்கம் பிறந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். உப்புத் தண்ணீர் மேல் மத்திய அலை சிரமமில்லாமல் ஓடும். கடற்கரை ஊர்களில் பகலிலும் இலங்கைதான். எங்கள் கடைக்கு வந்த ஒருவர், இலங்கை வானொலி அறிவிப்பாளரைச் சொல்லி, "கே.எஸ். ராஜா குரல் வந்தாத்தான் கூலி" என்று உட்கார்ந்தே இருந்தார்.

*கருவிகள் அதிகம் இல்லாத காலத்தில் ரேடியோவை எப்படி அலைன் செய்தீர்கள் (நிலையம் டயலில் சரியான இடத்தில் வரும்படி சரிசெய்தீர்கள்)?*
— பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்

நல்ல கேள்வி தம்பி. எங்களிடம் இருந்த பெரிய கருவி பாளையங்கோட்டையில் இருந்தது. 1963 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம்!

நெல்லை 1197 கிலோஹெர்ட்ஸ். டயலின் மேல் கோடிக்குப் பக்கம். முள்ளை அங்கே நிறுத்தி, நிலையம் அங்கே வருகிறதா என்று பார்ப்போம். வராவிட்டால் டிரிம்மர் என்கிற குட்டித் திருகை ஒரு மயிரிழை திருப்புவோம். அப்புறம் கீழ்ப்பக்கம் போய்த் திருச்சி 936, இரவானால் சென்னை 720. கீழே சரிசெய்தால் மேலே நகரும், மேலே சரிசெய்தால் கீழே நகரும். நாலைந்து தடவை போய் வந்தால் பிடிபடும். முதலாளிக்கு இதற்குக் காது மட்டும் போதும். நான் சேர்ந்த மூன்றாம் மாதம் அவர் இல்லாத நேரத்தில் இரும்பு ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஐ.எஃப்.டி. என்கிற சின்னக் காயிலின் கோரைத் திருகி, அது உள்ளேயே உடைந்தது. அன்றைக்கு வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. பிளாஸ்டிக் குச்சியைச் சீவி வைத்துக்கொள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நிறையப் பேர், அதிலும் எழுத்து தெரியாதவர்கள், டயல் கண்ணாடியில் நெல்லை வரும் இடத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருப்பார்கள். சிலர் வீட்டில் நெயில் பாலிஷ். டயல் நூல் அறுந்து புது நூல் கட்டும்போது முள் ஒரு நூலளவு நகர்ந்தாலும் போச்சு. மறுநாள் காலையில் கடை திறக்கும்முன் ஆள் நிற்பார். "அண்ணாச்சி, நெல்லை ஸ்டேஷன எங்க கொண்டு போயி வச்சிய?" டிரிம்மரை விட்டுவிட்டு முதலில் பொட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான். முள்ளைப் பொட்டில் நிறுத்தித்தான் கூலி கேட்பேன்.

தறிக்குழிக்கு மேலே கயிற்றில் தொங்கும் செட்டுகளுக்குத் தனி வியாதி. நிலையம் மாற்றும்போது சுழலும் கேங் தகடுகளுக்கு நடுவில் பஞ்சு போய் அடைத்துக்கொள்ளும். திருப்பினால் கரகர. ஓவியம் வரையும் மெல்லிய தூரிகையால் தகடு தகடாக எடுக்க வேண்டும். சில செட்டுகளில் அகல் விளக்குக்கு ஒரு திரி திரிக்கும் அளவுக்குப் பஞ்சு வரும். கலர்ப் பஞ்சை வைத்தே வீட்டில் என்ன நெய்கிறார்கள் என்று முதலாளி சொல்லிவிடுவார்.

*ஊர் ஊராக மத்திய அலை ஒலிபரப்பை ஏன் நிறுத்துகிறார்கள்? கேட்க ஆளில்லை என்பது உண்மையா?*
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், தென்காசி

ஆள் இருக்கும்போதே அலை போகிறது என்பது என் கட்சி. ஆனால் நிறுத்துகிறவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. 1197-இன் அலைநீளமே 250 மீட்டர். அதில் கால் பங்கு உயரத்துக்கு ஒரு கோபுரம் என்றாலே அறுபது மீட்டருக்கு மேல். அந்தக் கோபுரமே ஏரியல். அடியில் பீங்கான் மேல் உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் மண்ணுக்குள் செம்புக் கம்பிகள் விரிந்து கிடக்கும். இடம் வேண்டும், மின்சாரம் வேண்டும், பழைய டிரான்ஸ்மிட்டருக்கு உதிரிப்பாகம் வேண்டும். வானொலியை நடத்தும் பிரசார் பாரதி பல ஆண்டுகளாகப் பழைய மத்திய அலைக் கருவிகளை மூடி எஃப்.எம்.முக்கு மாறி வருகிறது. எஃப்.எம். சின்னக் கோபுரத்தில் நிற்கும், ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரம்தான் போகும். மலைக்கு அந்தப்புறம் இருக்கிற ஊர் விட்டுப்போகும்.

செல்போனும் ஒரு காரணம். எஃப்.எம்.முக்கு ஹெட்போன் வயரே ஏரியலாகிவிடும். ஏ.எம்.முக்கு ஃபெரைட் ராடும் காயிலும் வேண்டும், அதைப் போனுக்குள் எங்கே வைப்பது? வைத்தாலும் போனின் சொந்த இரைச்சலே அதை விழுங்கிவிடும். ஆக, 2000-க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு நெல்லை வானொலியை வெறுக்கக்கூட வாய்ப்பு கிடைக்கவில்லை.

என் கணக்கு என் மேசைதான். எண்பதுகளில் காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசிக்கும்போது மேசையில் பத்துப் பன்னிரண்டு செட் திறந்து கிடக்கும். இப்போது மாதம் இரண்டு வந்தால் அதிகம். இரண்டில் ஒன்று, "தாத்தா ஞாபகமா ஷோகேஸ்ல வைக்கணும், பாடலேன்னாலும் பரவாயில்ல, மேல பாலிஷ் மட்டும் போடுங்க" என்று.

*ரேடியோ பெயரில் நெல் இருந்ததாமே?*
— வாசகர், மன்னார்குடி

உங்கள் ஊரில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! ஆடுதுறை 27. அறுபதுகளில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு அதைத் தஞ்சை விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. விதை வாங்கப் போனவர்கள் 'ரேடியோ நெல்' என்றே கேட்டார்கள்.

*நிலையம் திறக்கும் முன் வரும் அந்த வயலின் இசை யாருடையது?*
— வாசகி, கோவை

வால்டர் காஃப்மன். ஹிட்லர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்பி பம்பாய் வந்த யூதர், அங்கே வானொலியில் வேலை பார்த்தவர். சிவரஞ்சனி ராகம் என்பார்கள். எனக்கு ராகம் தெரியாது. அந்த இசையில் வயலின் கீறல் இல்லாமல் வந்தால் ஸ்பீக்கர் கோன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

*அம்மாவின் பழைய ரேடியோவின் தோல் உறைக்குள் ஒரு சின்னப் புத்தகம். உள்ளே தபால் தலை மாதிரி ஒட்டி முத்திரை குத்தியிருக்கிறது. என்ன அது? ரேடியோவை விற்றால் எவ்வளவு கிடைக்கும்?*
— வாசகர், கோவில்பட்டி

அது ரேடியோ லைசென்ஸ். அப்போது வீட்டில் ரேடியோ வைத்திருக்க வருடா வருடம் தபால் ஆபீசில் பணம் கட்டி அந்தத் தலையை ஒட்டவேண்டும். எண்பதுகளில்தான் அந்தக் கட்டணம் போனது. பரிசோதனைக்கு ஆள் வருகிறான் என்று புரளி கிளம்பினால் எங்கள் தெருவில் ரேடியோவெல்லாம் அரிசிப் பானைக்குள் போய்விடும். உங்கள் அம்மா ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்.

விலை எனக்குத் தெரியாது, விற்பவர்கள் இஷ்டம். முதலில் உள்ளே பேட்டரி இருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றிருக்கும். கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடலாம். கொண்டுவாருங்கள், கேங்கைத் துடைத்துத் தருகிறேன். டயலில் பொட்டு ஏதாவது இருந்தால் அழித்துவிடாதீர்கள்.