இங்கிலாந்தில் மண்டையோட்டு அந்துப்பூச்சி

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மகள், செப்டம்பரில் தன் வீட்டு உருளைக்கிழங்குப் பாத்தியருகே, முதுகில் மண்டையோட்டு உருவம் கொண்ட பெரிய அந்துப்பூச்சியைப் பார்த்தாளாம், தொட்டதும் கீச்சிட்டதாம். அது அந்நாட்டுப் பூச்சியா? அபசகுனம் என்கிறார்களே?
– வாசகி, திருச்சி

பதில்: அது அங்கே அரிதாக வரும் விருந்தாளி. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் ஐரோப்பாவிலிருந்தும் வலசை வரும் இந்த இனம், பிரிட்டனின் குளிர்காலத்தைப் பெரும்பாலும் தாங்குவதில்லை. இதன் புழு உருளைக்கிழங்கு இலையைத் தின்று, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது என்பதால், உங்கள் மகள் கண்டது அந்தப் பாத்தியிலேயே வளர்ந்ததாகவும் இருக்கலாம். உறிஞ்சுகுழல் வழியாகக் காற்றை இழுத்து வெளித்தள்ளுவதால் எழுவதே அந்தக் கீச்சொலி. குட்டையான, தடித்த அக்குழலால் தேனடையைத் துளைத்துத் தேன் குடிக்க, இது தேன்கூட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும். ஜெர்மனியிலிருந்து ஆல்ப்ஸ் மலையை நோக்கிப் பறந்த பூச்சிகளுக்கு நுண்ணிய ரேடியோக் கருவி பொருத்தி, சிறு விமானத்தில் ஏறக்குறைய 90 கி.மீ. வரை பின்தொடர்ந்த ஆய்வு 2022இல் வெளியானது. எதிர்க்காற்றிலும் அவை திசை மாறாமல் பறந்தன என்பது எனக்குப் பெருவியப்பு. அபசகுனம் என்பது வீண் அச்சம். நம் ஊர் எள் வயல்களிலும் இதன் நெருங்கிய உறவினம் உண்டு. தேதி, இடம், படம் ஆகியவற்றை அந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பகுதி) அந்துப்பூச்சிப் பதிவாளருக்கு, அதாவது அங்கே தென்படும் அந்துப்பூச்சிகளின் விவரங்களைத் தொகுப்பவருக்கு, உங்கள் மகள் அவசியம் அனுப்ப வேண்டும்.