சைக்கிளில் போனவருக்கும் சட்டம் உண்டு: கேள்வி பதில்

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, அடிபட்டவர்கள் பக்கம் நின்று வாதாடி வருகிறேன். நீதிமன்றத்துக்கு இன்றும் சைக்கிளில்தான் போகிறேன். "சைக்கிள்தானே, அதற்கு என்ன கேஸ்?" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் உங்கள் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல உட்கார்ந்தேன்.

கேள்வி (திருவையாறு பக்கம், ஒரு பெண்): என் கணவர் சைக்கிளில் பால் ஊற்றுபவர். 12 நாட்களுக்கு முன், விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு ஒரு சரக்கு வேன் பின்னாலிருந்து இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'சைக்கிளிலிருந்து தவறி விழுந்ததாக' என்று எழுதியிருக்கிறார்கள். போலீசிடம் இன்னும் போகவில்லை, வண்டி எண்ணும் தெரியாது. இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும் அம்மா. ஆனால் இன்றே கிளம்புங்கள்.

முதலில் அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதுகிற விபத்துப் பதிவேட்டின் நகலைத்தான் நாங்கள் ஏ.ஆர். காப்பி என்கிறோம். நான் நடத்திய வழக்கு ஒன்றில், பூ வியாபாரி ஒருவரைக் கார் தட்டிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடியவன் அவருடைய அக்காள் மகன், பதினேழு வயது. "என்ன ஆயிற்று?" என்று கேட்டதற்கு, "மாமா சைக்கிளோடு விழுந்துவிட்டார்" என்று சொன்னான். பையனுக்கு உடம்பெல்லாம் நடுக்கம். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் நான்கு ஆண்டுகள் அந்த ஒரே வரியைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் காப்பாற்றியது மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. காரின் இடது முன் பம்பரில் சைக்கிளின் நீல வண்ணம் ஒட்டியிருந்ததை அவர் குறித்து வைத்திருந்தார்.

ஆகவே, அந்தச் சீட்டைத் திருத்தித் தரச் சொல்லி மருத்துவமனையில் சண்டை போடாதீர்கள். திருத்தினால் அதுவே சந்தேகத்துக்கு இடமாகிவிடும். விபத்து நடந்த இடத்துக்குரிய காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். வேன் பின்னால் இடித்தது, யார் தூக்கிவந்தார்கள், அவர்களுக்கு என்ன தெரியும், ஏன் 12 நாள் ஆயிற்று என எல்லாம் அதில் இருக்கட்டும். கணவரோடு ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன், வேறு ஆள் இல்லை என்பது நல்ல காரணம்தான். எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்பதற்காக மட்டும் இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இன்னொன்று: சைக்கிளைக் கடைக்குப் பழுது பார்க்க அனுப்பிவிடாதீர்கள். பின்சக்கரம் நெளிந்து, பின் மட்கார்டு மடங்கி, பால் கேன் பின்புறம் ஒடுங்கியிருந்தால், அதுதான் பின்னாலிருந்து இடித்ததற்கான சாட்சி. போலீஸ் பார்த்து மகஜர் (நேரில் பார்த்ததைப் பதியும் ஆவணம்) எழுதும் வரை அப்படியே இருக்கட்டும்.

வேன் கிடைக்கவே இல்லையென்றாலும் வழி இருக்கிறது. இடித்துவிட்டு ஓடிய வண்டிகளுக்கென்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 161-ஆவது பிரிவு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். இதற்குத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியதில்லை. வருவாய்த் துறை அலுவலர் விசாரித்து அனுப்ப, மாவட்ட ஆட்சியர் அளவில் முடிவாகும். பிறகு வேன் சிக்கினால் முழு இழப்பீடு கேட்கலாம். அப்போது இந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): இரவு ஏழரை மணி. என் சைக்கிளில் விளக்கு இல்லை. எதிரே வந்த கார், தன் பாதையை விட்டு என் பக்கம் ஏறி வந்து மோதியது. விளக்கு இல்லாததால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை தம்பி. உங்கள் பக்கத் தவறு அந்த விபத்துக்குக் காரணமாக இருந்ததா என்றுதான் தீர்ப்பாயம் பார்க்கும். கார் தன் பாதையில் வந்து, இருட்டில் உங்களைக் காணாமல் மோதியிருந்தால் விளக்கின்மை பெரிய விஷயம். பாதை மாறி வந்து மோதியது என்றால் அதன் கனம் குறைந்துவிடுகிறது. பங்களிப்பு அலட்சியம், அதாவது விபத்தில் உங்கள் தவறுக்கும் ஒரு பங்கு உண்டு என்று முடிவானாலும் மனு தள்ளுபடி ஆகாது. இழப்பீடு 6 லட்சம், உங்கள் பங்கு 20 சதவீதம் என்றால் 4.8 லட்சம் வரும். தவறான திசையில் ஓட்டினால் இந்த வெட்டு பெரிதாக விழும். சிறு குழந்தைகளின் விஷயத்தில் நீதிமன்றங்கள் இந்த அளவுகோலை அவ்வளவு கறாராக வைப்பதில்லை.

மனு போடுவதற்கு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்ற கெடு 2022 ஏப்ரல் முதல் இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குகள் போயிருக்கின்றன. அவற்றை நம்பித் தாமதிக்க வேண்டாம். விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்பதும் இல்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஒரு விளக்கும் வாங்கி மாட்டிவிடுங்கள், தம்பி. வழக்கில் ஜெயிப்பதைவிட அடிபடாமல் வீடு சேர்வது பெரிது.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை): எங்கள் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பேர் நெடுஞ்சாலை வழியாக வருகிறார்கள். எதைச் சொல்லித் தர வேண்டும்?

பதில்: அம்மா, ஒரு நாள் பள்ளிக்கு ஒரு பஸ்ஸை வரவழைத்து நிறுத்துங்கள். ஒவ்வொரு பிள்ளையாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார வையுங்கள். இன்னொரு பிள்ளை சைக்கிளோடு பஸ்ஸின் இடது முன்சக்கரத்தை ஒட்டி நிற்கட்டும். "உன் தோழி எங்கே?" என்று கேளுங்கள். தெரியாது. ஆறடி தள்ளி நிற்பவளைக்கூடக் காண முடியாத இடங்கள் இருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஒரு மணி நேரம் பேசுவதைவிட இது மனதில் நிற்கும். லாரியோ பஸ்ஸோ இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது, உள்ளே ஒடித்துக்கொண்டு வரும். சந்திப்பில் நிற்கும் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே சைக்கிளை நுழைக்கிற பிள்ளை அந்தச் சக்கரத்தின் வழியில்தான் நிற்கிறது. 'லாரியின் இடது பக்கம் நுழையாதே, பின்னால் நில்.' இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலையில் வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, தள்ளிக்கொண்டு கடக்கட்டும். சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடக் கூடாது. அது ஆடி ஆடி முன்சக்கரக் கம்பிக்குள் போனால் பிள்ளை தலைகுப்புற விழும். துப்பட்டாவைப் பின் குத்தி முடிந்துகொள்ளட்டும். மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை உடனே பிடிக்காது, முன்கூட்டியே பிடிக்கப் பழக வேண்டும். சைக்கிள் கொடுத்த அன்றே பக்கத்துக் கடைக்காரரை அழைத்து பிரேக்கையும் நட்டுகளையும் ஒரு முறை முடுக்கச் சொல்லுங்கள். சட்டப்படி சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு மோட்டார் சைக்கிளுக்குத்தான். வாங்கித் தர முடிந்தவர்கள் வாங்கித் தரட்டும்.

கேள்வி (ஒரு தந்தை): என் 15 வயது மகன் தெருவில் சைக்கிளை வேகமாக ஓட்டிவந்து ஒரு பாட்டியின் மேல் மோதிவிட்டான். அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. அதனால் தீர்ப்பாயமும் இல்லை, கட்டாயக் காப்பீடும் இல்லை. ஆனால் பொறுப்பு உண்டு. குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவு, உயிருக்கு ஆபத்து வரும்படி பொது வழியில் 'எந்த வாகனத்தை' ஓட்டினாலும் பொருந்தும். அலட்சியத்தால் கொடுங்காயம் என்பதற்கு 125-ஆவது பிரிவு. பையன் 18 வயதுக்குட்பட்டவன், குற்றமும் சிறு குற்ற வகை. எனவே பெரியவர்களுக்குப் போடுவதுபோல எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். நாட்குறிப்பில் பதிந்து, இளைஞர் நீதிக் குழுமத்துக்குத் தெரிவிப்பார்கள். பணப் பொறுப்பை உரிமையியல் நீதிமன்றத்தில்தான் கேட்க முடியும். மகன் செய்ததற்காகத் தந்தை தானாகவே கடன்பட்டவர் ஆகிவிடுவதில்லை. பிரேக் இல்லாத சைக்கிளைத் தெரிந்தே கொடுத்தீர்கள் என்பதுபோல உங்கள் அலட்சியம் நிரூபணமானால் கதை வேறு.

சட்டம் இவ்வளவுதான். அந்தப் பாட்டியின் அறுவை சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். வழக்குக்குப் பயந்து முகம் காட்டாமல் இருப்பவர்கள் மேல்தான் பெரும்பாலும் வழக்கு வருகிறது.

கேள்வி: நின்றிருந்த காரின் கதவைப் பார்க்காமல் திறந்ததில் இடித்து விழுந்தேன். கார் ஓடவில்லையே, மனு போட முடியுமா?

பதில்: போடலாம். வாகனத்தின் 'பயன்பாடு' என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் உண்டு. 1987-இல் புனே–பெங்களூர் நெடுஞ்சாலையில் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் லாரி, சில மணி நேரம் கழித்து வெடித்தது. அதுவும் வாகனத்தின் பயன்பாட்டால் நேர்ந்த விபத்துதான் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இனி நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே ஓட்டுங்கள்.

கேள்வி: என் அண்ணன் சைக்கிளில் தேநீர் விற்றவர், 42 வயது. லாரி மோதி இறந்துவிட்டார். மாதம் 12,000 ரூபாய் சம்பாதித்தார். அண்ணி, இரண்டு பிள்ளைகள், அம்மா இருக்கிறார்கள். லாரிக்காரர் 2 லட்சம் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்.

பதில்: போடாதீர்கள். கணக்கை நீங்களே பாருங்கள். ஆண்டு வருமானம் 1,44,000. சுயதொழில் செய்பவர், வயது 40-க்கும் 50-க்கும் இடையே என்பதால் எதிர்கால உயர்வாக 25 சதவீதம் சேரும்: 1,80,000. நம்பியிருப்பவர்கள் நான்கு பேர், எனவே அவருடைய சொந்தச் செலவாகக் கால் பங்கு கழியும்: 1,35,000. இதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், 42 வயதுக்கு அந்தப் பெருக்கல் எண் 14. மொத்தம் 18,90,000 ரூபாய். ஈமச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை போன்றவை தனி. 2009, 2017 ஆகிய ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்து வரும் கணக்கு இது. 12,000 ரூபாய்க்கு ரசீது இருக்காது. அவருக்குப் பால் கொடுத்தவர், மகளிர் குழுக் கடன் பாஸ்புக், தினமும் தேநீர் வாங்கிய கடைக்காரர்கள் இவர்களெல்லாம் சாட்சி ஆகலாம். ஓட்டுநருக்கு உரிமம் இல்லாமல் போனாலும், பொதுவாகக் காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்.

கேள்வி: அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் நாம் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே?

பதில்: வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு உதவியவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பணம் கட்டச் சொல்வார்களோ என்றும் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். போகும்போது ஒரே ஒரு உதவி கூடுதலாகச் செய்யுங்கள்: மருத்துவரிடம் 'வண்டி மோதியது' என்று சொல்லுங்கள்.

கேள்வி (திருவையாறு அம்மா மீண்டும்): புகார் கொடுத்துவிட்டேன், ரசீதும் வாங்கிவிட்டேன். முனையில் இருக்கும் உரக்கடைக் கேமராவில் வேன் தெரிகிறதாம். நான் போய் வாங்கலாமா?

பதில்: இன்று மாலைக்குள் போங்கள். பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறி அழிந்துவிடும், ஏற்கெனவே நாள் கடந்துவிட்டது. கடைக்காரரிடம் அந்த அரை மணி நேரத்தைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கேமராவின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா, எத்தனை நிமிடம் முன்பின் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, பதிவைக் கைப்பற்றும்படி ஆய்வாளருக்கு இன்னொரு மனு கொடுத்து அதற்கும் ரசீது வாங்குங்கள். அந்தப் பதிவு நீதிமன்றத்தில் செல்ல, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் ஒன்று வேண்டும். கடைக்காரர் கையெழுத்துப் போடத் தயங்கினால், அவர் யாருக்கும் எதிராகச் சாட்சி சொல்லவில்லை, தன் கேமரா ஒழுங்காக வேலை செய்தது என்று மட்டும்தான் சொல்கிறார் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். வண்டி எண் ஒரு பாதி தெரிந்தாலும் போதும், நிறத்தையும் வகையையும் வைத்துத் தேட போலீசுக்கு வழி இருக்கிறது.