வெயிலும் நிழலும்: மரக்கன்றுகள் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: நிழல்வலைக்குள் செழிப்பாக வளர்ந்த வேம்பு, புங்கன் கன்றுகளைப் பண்ருட்டி அருகே எங்கள் கொல்லையில் நட்டோம். ஒரே வாரத்தில் இலைகள் வெளுத்துக் கருகிவிட்டன. தண்ணீர் போதவில்லையா?

பதில்: தண்ணீர்க் குறைவு மட்டுமே காரணமாக இருக்க வாய்ப்பில்லை. நிழலில் விரிந்த இலை மெல்லியதாகவும் அகன்றும் இருக்கும். குறைந்த ஒளியையும் தவறவிடாமல் பிடிப்பதற்கென்று அமைந்த அந்த இலையின் மீது திடீரென முழு வெயில் விழும்போது, மிகுதியான ஒளியைப் பயன்படுத்தவும் வெப்பமாக வெளியேற்றவும் முடியாமல் அதன் ஒளிச்சேர்க்கை அமைப்பே சேதமடைகிறது. முழுமையாக விரிந்த நிழல் இலை பின்னர் வெயில் இலையாக மாறுவது அரிது. புதிதாக வரும் தளிர்தான் தடித்தும் சிறுத்தும் வெயிலுக்கேற்ப விரியும். ஆகவே கருகிய கன்றுகளைப் பிடுங்கிவிடாதீர்கள். தண்டைக் கீறினால் உள்ளே பச்சையாக இருக்கும் கன்று பெரும்பாலும் மீண்டும் துளிர்க்கும். அடுத்த முறை, நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே காலை வெயிலில் தொடங்கி, வெயில் படும் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஐப்பசி மழை பிடித்த பிறகு நடுங்கள்.

கேள்வி: புளியமரத்தடியில் முளைத்த கருவேலங்கன்று மிக உயரமாக வளர்கிறது. நல்ல அறிகுறிதானே?

பதில்: இல்லை. மேலேயுள்ள இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு சிவப்பைத் தாண்டிய, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளியைக் கீழே விடுகின்றன. இந்த மாற்றத்தை ஃபைட்டோகுரோம் என்னும் நிறமியால் உணரும் கன்று, நிழலைத் தாண்டிவிடத் தண்டை நீட்டுகிறது. கருவேல் வெயிலை நாடும் மரம். அது அங்கே நிலைக்காது.

கேள்வி: சவானா மரங்களின் நாற்றுகளுக்கு வேண்டியது வெயிலா, நிழலா? (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: ஒளியின் அளவை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. புல்வெளிக்கிடையே மரங்கள் சிதறி நிற்கும் நிலமான சவானாவில் நாற்றுக்கு வெயிலோடு நீண்ட வறட்சி, அடர்ந்த புல்லின் போட்டி, கோடைத் தீ ஆகியவையும் சேர்ந்தே வருகின்றன. பிரேசிலின் செராடோ சவானா இனங்களை, அவற்றுக்கு நெருங்கிய உறவுடைய காட்டு இனங்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், காட்டு நாற்றுகள் இலைப் பரப்பைப் பெருக்குவதையும் சவானா நாற்றுகள் வேரில் முதலிடுவதையும் காண முடிந்தது. தண்டு தீயில் எரிந்தாலும், வேரில் சேர்த்த மாவுச்சத்தைக் கொண்டு அவை மீண்டும் துளிர்க்கின்றன. பெரிய மரத்தின் நிழல் மண்ணின் சூட்டைத் தணித்து, ஈரத்தைக் காத்து, சில இடங்களில் முதற்பருவ நாற்றைப் பிழைக்க வைப்பதும் உண்டு. ஆனால் அதே நிழல் நீடித்தால், ஒளிச்சேர்க்கை குறைந்து வேரில் சேமிப்பும் குறைகிறது. தீ வரும்போது அந்த நாற்று தாங்காது.

ஆப்பிரிக்கச் சவானாவில் நம் பனைக்கு நெருங்கிய உறவான பனை இனம் ஒன்று வளர்கிறது. நம் ஊரில் பனங்கிழங்கு தோண்டுபவர்கள் அனைவரும் அறிந்ததுபோல, பனையின் முளை முதலில் மண்ணுக்குள்தான் இறங்கும். வளரும் குருத்தை வெயிலும் தீயும் எட்டாத ஆழத்தில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அடிமரம் எழுப்பாமல் காத்திருக்கும் இந்தப் பொறுமை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கேள்வி: மொட்டை மாடியில் நாற்று வளர்க்க எந்த நிழல்வலை வாங்கலாம்?

பதில்: 50 சதவீத வலை போதும். கத்திரி வெயில் முடிந்ததும் அகற்றிவிடுங்கள்.

கேள்வி: செம்மண் மேட்டில் காயா, கருங்காலிக் கன்றுகளை நட்டால் ஏன் பிழைப்பதில்லை?

பதில்: இவை நம் கடலோர உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்கள், கோயில் காடுகளில் பிற மரங்களின் நிழலிலேயே இவற்றின் நாற்றுகள் மெதுவாக வளர்கின்றன. வெட்டவெளியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில், வெறுமையாகக் கிடந்த செம்மண் மேட்டில் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியா போன்ற மரங்களை முதலில் வளர்த்து, அவற்றின் நிழலில் உள்ளூர்க் காட்டு மரங்களை நட்டார்கள். உங்கள் நிலத்தில் வெளிநாட்டு மரம் தேவையில்லை. வெள்வேலும் வேம்பும் முதலில் எழட்டும். அவற்றின் நிழல் தரையில் விழத் தொடங்கியதும் காயாவை நடுங்கள். பின்னர் கன்றுகள் உயரும் வேகத்துக்கேற்ப மேற்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுங்கள்.